குழந்தை போகிறது, தாய் இங்கே

28 வாரத்தில் பிறக்கும் குழந்தை ஏறக்குறைய ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எடைதான் இருக்கும். பனியன் கம்பெனியில் கைமாறும் நூல் கோன்கூட அதைவிடக் கனம். திருப்பூர்ப் பக்கம் வசதி குறைந்த ஆஸ்பத்திரியில் அப்படியொரு குழந்தை பிறந்தால், "கோயமுத்தூருக்குக் கொண்டு போயிருங்க" என்பார்கள். தாய் ஆபரேஷன் தையலோடு இங்கே படுத்திருப்பாள். குழந்தை 50 கிலோமீட்டர் தாண்டிப் போகும்.

ரெஃபர் செய்வதே தப்பு என்று சொல்ல மாட்டேன். நுரையீரல் விரிய சர்ஃபாக்டன்ட், மூச்சுக்கு சிபாப், இரவெல்லாம் கண்வைத்திருக்கும் நர்ஸ், இத்தனையும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாகாது. இங்கிலாந்தில் 2006-இல் 27 வாரம் நிறையாமல் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த எபிக்யூர்-2 ஆய்வில், உயர் வசதியுள்ள மருத்துவமனையிலேயே பிறந்த குழந்தைகள்தான் அதிகம் பிழைத்தார்கள். 'பிறந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறந்தபின் கொண்டு சேர்ப்பது அதற்கு ஈடாகாது. வழியிலேயே உடம்பு குளிர்ந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் சாலையில் கரைந்துவிடும்.

கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு. அனுப்பிய இடத்தின் ஏட்டில் சாவு ஏறாது. வாங்கிக்கொண்ட இடத்தில் ஏறும். இறப்பு விகிதத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால், ஆபத்தான குழந்தையை மறுக்காமல் ஏற்றவருக்கே கெட்ட பெயர். எந்த ஆஸ்பத்திரியில் பிறந்ததோ அங்கிருந்தே கணக்கு தொடங்க வேண்டும். எத்தனை வாரம் என்பதும் சரியாகத் தெரிய வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து டெய்லராகவும் செக்கிங்கிலும் வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதல் மூன்று மாத ஸ்கேன் இல்லையென்றால், 30 வாரமா 34 வாரமா என்பதே யூகம்தான்.

பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் இடத்தைப் பொறுத்துத்தான் பலன் தருகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கிராம அளவில் பரவலாகப் போட்டுப் பார்த்தார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு கூடியது. 2020-இல் வெளியான ஆய்வில், ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில் வாரத்தை ஸ்கேனில் உறுதிசெய்து போட்டபோது இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது.

எனக்குப் பொறுக்காதது தாயையும் பிள்ளையையும் பிரிப்பதுதான். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற 2021-ஆம் ஆண்டு ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்தார்கள். இறப்பு கால்வாசி குறைந்தது. தாய் திருப்பூரிலும் பிள்ளை கோவையிலும் கிடந்தால் அதற்கு வழியேது?

வலி கண்டதுமே, நேரமிருந்தால், வயிற்றுப் பிள்ளையோடு தாயை ஏற்றிவிட வேண்டும். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. 50 கிலோமீட்டர் போகத் தேவையில்லாதபடி அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவு வலுப்பெற வேண்டும். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்ட வேண்டியது இழுவையுள்ள ஒரு பின்னல் துணிதான். அது இந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருக்கிறது.