அப்பாவி என்றொரு சொல்

வெண்மணி நினைவு நாள் வந்தால் மேடைக்கு மேடை 'அப்பாவிக் கூலிகள்' என்கிறார்கள். இரங்கித்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சொல் உறுத்துகிறது.

எங்கள் சீர்காழிப் பக்கம் ஒருத்தனை அப்பாவி என்றால் குற்றம் செய்யாதவன் என்பதோடு அர்த்தம் முடிவதில்லை. 'பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, சொன்னதச் செய்வான்' என்பதும் அதில் இருக்கிறது. பாவமில்லாதவன் எப்படி விவரமில்லாதவன் ஆனான்?

இது தமிழில் மட்டும் நடந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் 'சாக்லெஸ்' என்றொரு சொல். 'சாக்கு' என்றால் வழக்கு, குற்றச்சாட்டு. அது இல்லாதவன் சாக்லெஸ். முதலில் நீதிமன்றத்தில் நிமிர்ந்து நின்ற சொல். பிறகு வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தீங்கற்றவன் என்றாகி, கடைசியில் திராணியற்றவன், மந்தமானவன் என்று தேய்ந்தது.

வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். ஆனால் விவரம் தெரியாதவர்கள் அல்ல அந்தச் சேரி மக்கள். கூலி உயர்வு கேட்டார்கள். கொடியை இறக்கு என்றபோது மறுத்தார்கள். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக 1940-களிலேயே சங்கம் கட்டிய கீழத்தஞ்சை அது. அவர்களை அப்பாவி என்னும்போது அந்தப் போராட்டத்தையும் சேர்த்தே எரிக்கிறோம்.

இலக்கியமும் இதைத்தான் செய்தது. 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலில் யோசிப்பதும் விவாதிப்பதும் டெல்லியிலிருந்து வந்த படித்தவர்கள். பண்ணையாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறை காரணமாகிறது. கூலிச் சண்டை பின்னால் போய்விடுகிறது. சேரி ஜனங்கள் சாகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு யோசனை இருந்ததாக நாவல் நம்பவில்லை.

குற்றமின்மைக்கு இன்னொரு சொல்லும் இருக்கிறது: நிரபராதி. அது யாருக்குப் போனது? கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நிலமும் காரும் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்.

ஆண்டைக்கு நிரபராதி, அடிமைக்கு அப்பாவி. முன்னது தீர்ப்பு, மானத்தோடு வெளியே வரலாம். பின்னது அனுதாபம், குனிந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். சொற்களுக்குள்ளும் ஊர் வேறு, சேரி வேறாகத்தான் இருக்கிறது.

இனி எழுதும்போது கூலி கேட்டவர்கள் என்று எழுதுவோம். கொடியை இறக்க மறுத்தவர்கள் என்று எழுதுவோம். குற்றமில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.