கற்கோசும் அரசர் கையெழுத்தும்

நூலுக்கு உரை காண்போர் உண்டு. அவ்வுரையின் நிறைகுறைகளை எடுத்துரைப்போரும் உண்டு. பரிமேலழகர் ஒரு குறளுக்குக் கண்ட பொருள் பொருந்துமா, பொருந்தாதா என்று தமிழாசிரியர்கள் மணிக்கணக்கில் வாதிடுவர். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நாடகத்துக்கும் இந்நாளில் வேறொரு வகையில் உரை எழுதப்பட்டு வருகிறது. அருங்காட்சியகத்தின் வாயிற்புறக் கடையில் அது குவளையாகவும் துணிப்பையாகவும் சாவி வளையமாகவும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதனைத் திறனாய்வார் அரியர். ‘நினைவுப் பொருள்தானே!’ என்று கற்றோர் தள்ளிவிடுகின்றனர்.

தள்ளத்தக்கதன்று அது. பள்ளிப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரும் இதை அறிவர். கூடங்களில் கண்ட நூறு பொருள்கள் மறுவாரமே மங்கிவிடும். கடைசிக் கால் மணி நேரத்தில் கடையில் வாங்கிய ஒன்று, படிக்கும் மேசைமேல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மூலத்தைக் கண்டது ஒரு நிமிடம். உரையோடு வாழ்வது பல ஆண்டு. அவ்வுரை மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்று கேட்பது மிகையாகாது.

தைப்பே நகரத்துத் தேசிய அரண்மனை அருங்காட்சியகம் இக்கேள்விக்கு ஏற்ற களம். பெய்ஜிங் அரண்மனையில் சீனப் பேரரசர்கள் சேர்த்த கருவூலத்தின் ஒரு பகுதி, உள்நாட்டுப் போரின் இறுதியில், 1948-49இல், கப்பலேறித் தைவான் சேர்ந்தது. 1965இல் அதற்கெனத் திறக்கப்பட்ட மாளிகையில் இன்று மக்கள் திரண்டு காண்பது ஒரு சிறு காய்கறியை! ஜேட் எனப்படும் பச்சைக்கல்லில் செதுக்கிய சீன முட்டைக்கோசு அது. உயரம் 18.7 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவு. சிங் மரபின் பிற்காலத்தில், குவாங்சூ பேரரசரின் துணைவியருள் ஒருவரான ஜின் என்பார் வாழ்ந்த அரண்மனைப் பகுதியில் இருந்த பொருள். அவருடைய சீதனத்துள் ஒன்றாக வந்திருக்கலாம் என்று கருதுவர். இலைமேல் இரண்டு பூச்சிகள் அமர்ந்திருக்கின்றன. கோசின் வெண்மை மணமகளின் தூய்மையையும், பூச்சிகள் மக்கட்பேற்றையும் குறிக்கும் என்பது விளக்கம்.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது? கோசைப் போலவே இருப்பதிலா? அப்படியானால் சந்தையில் விற்கும் கோசு இதனினும் சிறந்ததாகும். சிறப்பு கல்லில் இருக்கிறது. பாதி வெண்மை, பாதி பச்சை, இடையிடையே விரிசல், அங்கங்கே கறை. காப்பும் மோதிரமும் செய்வோர் வேண்டாம் என்று ஒதுக்கத்தக்க கல். பெயர் அறியப்படாத அச்சிற்பி வெண்மையைத் தண்டாகக் கண்டான். பச்சையை இலையாகக் கண்டான். விரிசலை நரம்பினுள் மறைத்தான். நிறத்தை அவன் பூசவில்லை. கல்லில் இருந்த நிறத்துக்கு உருவம் தேடினான். குறையே கலையாயிற்று என்பதே அப்பொருளின் உயிர்.

இதனைக் கடையினர் என்ன செய்தனர்? சாவி வளையமாக்கினர், கைப்பேசித் தொங்கலாக்கினர், குடையாக்கினர். ஞெகிழியில் வார்த்து, மேலே பச்சையும் கீழே வெள்ளையும் பூசினால் கோசு வந்துவிடுகிறது. ஆனால் ஞெகிழிக்குக் குறையேது? வேண்டிய நிறம் வேண்டிய இடத்தில் விழும் பொருளில், கல்லோடு சிற்பி நடத்திய வாதத்துக்கு இடமே இல்லை. சிறிய வார்ப்புகளில் பூச்சிகளும் இலையோடு இலையாகக் கலந்து ஒரு மேடாகிவிடுகின்றன. மக்கட்பேறு போயிற்று; எஞ்சியது மரக்கறி. சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் பாட்டின் பொருளைக் கோட்டைவிடும் பதவுரைகளைத் தமிழாசிரியர்கள் கண்டிருப்பர். அவ்வகையைச் சேர்ந்தது இது.

அதே அருங்காட்சியகம் 2013இல் மற்றொரு பொருளை வெளியிட்டது. அது கடிதத்திலும் பொதியிலும் ஒட்டும் காகித நாடா. அதில் படம் இல்லை. நான்கு சீன எழுத்துகள் மட்டுமே. ‘நாம் அறிந்தோம்’ என்பது அவற்றின் பொருள். எழுதியவர் 1661 முதல் 1722 வரை ஆண்ட காங்ஷி பேரரசர். அவருடைய கையெழுத்தையே படியெடுத்து நாடாவில் அச்சிட்டிருந்தனர்.

இதன் நயத்தை உணர அந்நாளைய ஆட்சிமுறையைச் சற்று அறிதல் வேண்டும். தொலைநாட்டு அலுவலர்கள் மழை, விளைச்சல், கலகம் முதலிய செய்திகளைப் பேரரசர் கண்ணுக்கு மட்டும் உரிய மறைமடலாக எழுதி விடுப்பர். பேரரசர் படித்து, அம்மடலின் மேலேயே சிவப்பு மையால் குறிப்பெழுதித் திருப்புவார். அச்செம்மை அரசருக்கே உரியது. ‘நாம்’ என்று இங்கே பெயர்த்த சொல்லும் அத்தகையதே. கி.மு. 221இல் சீனத்தை ஒன்றாக்கிய முதற்பேரரசர் அச்சொல்லைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டபின், பிறர் எவரும் தம்மைக் குறிக்க அதனைப் பயன்படுத்தலாகாது. தமிழ்நாட்டு அரசர்கள் தம்மை ‘யாம்’ என்றது இதற்கு ஒருவாறு ஒப்பு. ஆனால் தமிழில் ‘யாம்’ என்பதைப் புலவனும் சொல்லலாம், உழவனும் சொல்லலாம்.

அத்தகைய சொல் இன்று ஒரு மாணவியின் குறிப்பேட்டில் ஒட்டப்படுகிறது. அலுவலக எழுத்தர் ஒருவர் மேலதிகாரியின் ஓலைமேல் அதனை ஒட்டிச் சிரித்துக்கொள்கிறார். நகைச்சுவை எளிது, அதன் வேர் ஆழமானது. தாளின்மேல் எழுதப்பட்ட எழுத்து தாளின்மேலேயே மீண்டும் வந்து உட்காருகிறது. தொழில் மாறவில்லை, தொழில் செய்வோர் மாறினர். ‘இது யார் எழுத்து?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், மறைமடலும் செம்மையும் ஆட்சிமுறையும் விடையாக வந்து நிற்கும். நாடா விரைவில் விற்றுத் தீர்ந்தது வியப்பன்று. ஒரே கடையில், ஒரே கூரையின்கீழ், கோசு பிழையுரை, நாடா விருத்தியுரை.

இரண்டின் விலையிலும் பெருவேறுபாடு இல்லை என்பதைக் கருதவேண்டும். மலிவான பொருளில் நுட்பம் எதிர்பார்க்கலாகாது என்று கடையினர் சார்பில் சொல்வோர் உளர். நாடாவைவிட மலிவானது எது? நுட்பத்துக்கு வேண்டியது, மூலத்தை ஒருமுறை நின்று படிக்கும் பொறுமையே.

பணத்தைக் குறைகூறுவதும் முறையன்று. அருங்காட்சியகத்துக்கு வருவாய் வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1870இல் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே தன் ஓவியங்கள் சிலவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கச் செய்து படிகளை வெளியிட்டது. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தின் இத்தகைய விற்பனை 2017இல் 150 கோடி யுவானை எட்டியது. இவ்வளவு பெரிய ‘உரைநூல் வெளியீடு’ வேறெந்தத் துறையிலும் இல்லை. ஆயினும் நாளிதழ்களில் நாடகத்துக்கு மதிப்புரை வருகிறது, சமையல் நூலுக்குக்கூட வருகிறது, இதற்கு வருவதில்லை.

இனி, எல்லாக் கலையும் படியெடுப்பால் கெடும் என்று எண்ணுவதும் பிழை. வில்லியம் மாரிஸ் 1883இல் வரைந்த ‘ஸ்ட்ராபெரித் திருடன்’, தோட்டத்துப் பழத்தைப் பறவைகள் கொத்தித் திருடும் கோலம். வீட்டுத் துணிக்கென்றே வரையப்பட்டது. அதனைப் பையிலும் திரையிலும் காண்பது மூலத்தையே காண்பது. ஹொகுசாய் ஏறத்தாழ 1831இல் ஆக்கிய ‘பேரலை’யும் மரக்கட்டையில் செதுக்கி ஆயிரக்கணக்கில் அச்சிட்டு, எளியோரும் வாங்கும் விலையில் விற்ற படமே. எனவே அதனைக் குவளையில் அச்சிடுவதில் இழுக்கில்லை. 2024இல் வெளியான ஜப்பானிய ஆயிரம் யென் தாளின் பின்புறத்தையும் அது அணிசெய்கிறது.

ஆனால் எதை அச்சிடுகின்றனர்? முழுப்படத்தில் அலையின் அடியில் மூன்று நீண்ட படகுகள் உள்ளன. படகோட்டிகள் தலைகுனிந்து துடுப்போடு ஒட்டிக் கிடக்கின்றனர். நடுவே, தொலைவில், ஃபியூஜி மலை அலையினும் சிறிதாய்த் தோன்றுகிறது. படத்தொகுதியின் பெயரே அம்மலையைப் பற்றியது. கடைப்பொருளிலோ பலமுறை அலையின் நகம் போன்ற நுரை மட்டும் வெட்டி எடுக்கப்படுகிறது; படகும் இல்லை, ஆளும் இல்லை. உருண்டைக் குவளையில் முழுப்படம் போட்டாலும், மலை கைப்பிடியின் மறுபுறம் போய்விடுவதுண்டு. படகோட்டி இல்லாத அலை அழகிய நீலக்கோலம். அச்சம் அங்கே இல்லை. முல்லைப்பாட்டின் அடிகளை நச்சினார்க்கினியர் தம் கருத்துக்கேற்ப மாற்றிக் கூட்டினார் என்று மறைமலையடிகள் கடிந்தார். அவ்வுரையாசிரியராவது அடிகளை இடம் மாற்றினார். ஒன்றையும் வெட்டி எறியவில்லை.

மாற்றம் கடையில் மட்டுந்தான் நேர்கிறதா என்று ஒருவர் கேட்கலாம். நேரிய கேள்வி. சோழர்காலச் செப்புத்திருமேனியை எடுத்துக்கொள்வோம். ஆடல்வல்லான் திருவுருவம் மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் வார்த்து, மண்கூட்டை உடைத்து எடுக்கப்படுவது. கூடு உடைந்தபின் அதே வார்ப்பு மீண்டும் இல்லை. அத்திருமேனி பட்டும் மாலையும் சூடி, தண்டில் ஏறி வீதியுலா வருவதற்கென்று செய்யப்பட்டது. அருங்காட்சியகத்தில் அது பட்டின்றி, பூவின்றி, அசைவின்றி, விளக்கொளியில் நிற்கிறது. ஆக, கண்ணாடிப் பேழையே ஓர் உரை. கடை, உரைக்கு உரை. இதனால் கடையின் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. குளிர்பெட்டியில் ஒட்டும் தட்டையான காந்தவில்லையாகும்போது முதலில் மறைவது முதுகு. அடுத்து மறைவது காலடியில் கிடக்கும் முயலகன். திருவாசி மட்டும் அழகிய வளையமாக எஞ்சுகிறது. அடக்கப்பட்டவன் இல்லாமல் ஆட்டம் எதன்மேல் நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

நாடகத்தின் நிலை வேறு. திரை விழுந்தபின் மூலமே இல்லை. கையில் இருப்பதே சான்று. 1986 அக்டோபரில் லண்டனில் அரங்கேறிய ‘ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பெரா’வின் விளம்பரத்தாளில் உள்ள வெண்முகமூடிக்கு இரண்டு கண்ணும் உண்டு, சட்டையிலும் குவளையிலும் அதுவே. மேடையில் நடிகர் அணிவதோ பாதி முகத்தை மறைப்பது. ஒரு பாதி மூடியும் ஒரு பாதி திறந்தும் இருப்பதிலேதான் அப்பாத்திரத்தின் துயரம் முழுவதும் அடங்கியுள்ளது. முகமூடி முழுமையாகவே, துயரம் பாதியாயிற்று.

இவையெல்லாம் விடுபட்டவற்றால் வந்த பிழைகள். இல்லாததைச் சேர்த்ததால் வரும் பிழை இவற்றினும் கொடிது. அதற்குச் சான்று, மேலே சொன்ன மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள நீர்யானை. நீலம் பூசிச் சுட்ட அச்சிறு உருவம் எகிப்தில் மேயிர் என்னுமிடத்தில், செம்பி என்னும் அலுவலரின் கல்லறையைச் சார்ந்து கிடைத்தது. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அதன் உடம்பெங்கும் தாமரைக் கொடி வரையப்பட்டிருக்கிறது; அது வாழும் சதுப்புநிலமே அதன் தோலாயிற்று. 1917இல் அருங்காட்சியகம் சேர்ந்தது. 1931இல் ஆங்கில நகைச்சுவை ஏடான ‘பஞ்ச்’ வெளியிட்ட ஒரு கட்டுரை அதனை வில்லியம் என்று அழைத்தது. அன்று தொட்டு அதுவே பெயர். இன்று வில்லியம் பஞ்சுப் பொம்மை; குழந்தைகள் கட்டிக்கொண்டு உறங்கும் நண்பன்.

எகிப்தியருக்கு நீர்யானை நண்பன் அன்று. படகைக் கவிழ்க்கும், பயிரை மிதிக்கும், ஆளைக் கொல்லும். மறுமைக்குச் செல்லும் உயிரையும் அது தாக்கும் என்று அஞ்சினர். புத்துயிரின் அடையாளமாக அதன் உருவம் கல்லறையில் வேண்டியிருந்தது. உயிரோடு எழுந்து நடந்துவிடவும் கூடாது. ஆதலின் அதன் கால்களை வேண்டுமென்றே உடைத்து வைத்தனர் என்று அறிஞர் கருதுவர். தாமரையும் உடைந்த காலும் சேர்ந்ததே அந்த நீர்யானை. வேண்டுதலும் அச்சமும் ஒரே உடம்பில் இருக்கின்றன.

பொம்மை செய்தவர் தாமரையை அன்போடு பதித்திருக்கிறார், குறை சொல்வதற்கில்லை. கண்ணாடிப் பேழையுள் நிற்கும் உருவத்தின் கால்களில் மூன்று, பிற்காலத்தார் செய்து ஒட்டியவை. கடையில் அடுக்கிய வில்லியங்கள் நன்கு தைத்த நான்கு காலோடு, எங்கு வேண்டுமானாலும் நடக்க அணியமாக நிற்கின்றன.