தொடாத பேயும் விடாத படையும்

ஓர் அலுவலக அறைக்குள் நீங்கள். வெளியே ஆயுதத்தோடு ஒரு சிப்பாய். அவன் நுழைந்துவிடக் கூடாதென்று கதவோடு ஒட்டி நிற்கிறீர்கள். கைப்பிடியைத் திருகிப் பார்க்கிறான், திறக்கவில்லை. ஓங்கி உதைக்கிறான், அப்போதும் கதவு அசையவில்லை. அடுத்த நொடி பக்கத்து ஜன்னல் சில்லுச் சில்லாகச் சிதற, அவன் உங்கள் எதிரே நிற்கிறான். 2005 அக்டோபரில் வெளிவந்த ‘ஃபியர்’ கணினி விளையாட்டில் இப்படி நடந்தால் அது யாரோ முன்கூட்டி எழுதிவைத்த காட்சி என்று எண்ணிவிட வேண்டாம். உதை பலிக்காமல் போனதும் அந்தச் சிப்பாய் தானாகவே வேறு வழி தேடிக்கொண்டான். இருபது வருடம் கழித்தும் திகில் துப்பாக்கி ஆட்டம் என்று பேச்செடுத்தால் இதன் பெயர் அடிபடுகிறது. எல்லோருக்கும் நினைவில் நிற்பவள் சிவப்பு உடைச் சிறுமி ஆல்மா. ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் என்னவோ இந்தப் பெயரற்ற சிப்பாய்கள்தான்.

சியாட்டில் பக்கத்திலுள்ள கிர்க்லாந்தில் இருந்த மோனோலித் நிறுவனத்தின் படைப்பு இது. வடிவமைப்புக்குத் தலைமை கிரெய்க் ஹப்பார்ட். கதை சுருக்கமானது. ஆர்மச்சாம் என்ற ஆயுத நிறுவனம் மனத்தாலேயே கட்டளையிட்டு நடத்தக்கூடிய நகல் மனிதப் படை ஒன்றை வளர்க்கிறது. அதற்குத் தளபதியான பாக்ஸ்டன் ஃபெட்டல் திடீரென்று கட்டுமீறி, படையைக் கிளப்பிக்கொண்டு வெளியேறுகிறான். அவனைப் பிடிக்க அனுப்பப்படும் சிறப்புப் பிரிவில் வாய் திறந்து ஒரு சொல் பேசாத ஆள்தான் நீங்கள். வழியெங்கும் ஆல்மா குறுக்கிடுகிறாள்.

எதிரணியை முதலில் அலசிவிடலாம். அன்றைய துப்பாக்கி விளையாட்டுகளில் எதிரிக்கு மூளை என்பது பெரும்பாலும் ஒரு அட்டவணை: ஆளைக் கண்டால் சுடு, அடிபட்டால் ஒளி, காணாவிட்டால் தேடு. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குத் தாவ வேண்டும் என்பதை நிரலாளரே ஒவ்வொன்றாகக் கட்டிவைப்பார். ஃபியரின் செயற்கை அறிவை எழுதிய ஜெஃப் ஆர்கின் வேறு பாதையில் போனார். ஒவ்வொரு சிப்பாய்க்கும் சில இலக்குகளையும், செய்யத் தெரிந்த சில காரியங்களையும் மட்டும் கொடுத்தார். எதன்பின் எதைச் செய்தால் இலக்கு கைகூடும் என்று கோத்துக்கொள்வது சிப்பாயின் பாடு. கோத்தது பாதியில் அறுந்தால் மறுபடி யோசிப்பான். கதவு, உதை, ஜன்னல் என்று அவன் மாறியது அப்படித்தான். இதன் வேர் ஷேக்கி என்ற ரோபோவுக்காக 1971இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எழுதப்பட்ட ஸ்ட்ரிப்ஸ் என்னும் திட்டமிடல் முறையில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்துப் பழஞ்சரக்கு முப்பது சொச்சம் வருடம் கழித்து மேசையைக் கவிழ்த்து அதன் பின்னால் பதுங்கும் சிப்பாயாக வந்து சேர்ந்தது.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் இன்னொன்று உண்டு. 2006இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் முன்வைத்த கட்டுரையில் ஆர்கினே அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். குழுவாக இயங்கும்போது இந்தச் சிப்பாய்களுக்குத் தெரிந்த வியூகம் நாலே நாலு: மறைவிடத்துக்குப் போ, மறைவிலிருந்து மறைவுக்கு முன்னேறு, வரிசையாக நகர், தேடு. பக்கவாட்டில் வளைத்துப் பிடிப்பது என்று தனியாக ஒன்று கிடையாது. அவரவர் தனக்குத் தோதான மறைவிடத்தைத் தேடி ஓடும்போது, ஒருவன் தற்செயலாக நம் விலாப்பக்கம் வந்து நிற்கிறான். கபடியில் பாடிப் போகிறவனை எதிரணி கைகோத்து வளைப்பதுபோல நமக்குத் தோன்றும். உண்மையில் அங்கே யாரும் யாருடைய கையையும் பிடித்திருக்கவில்லை.

அந்த மாயையை முழுமையாக்குவது அவர்களின் பேச்சு. ரேடியோவில் ஒருவன் உன் நிலைமை என்ன என்று கேட்கிறான், இன்னொருவன் அடிபட்டுவிட்டேன் என்கிறான். நம் டார்ச் வெளிச்சம் பட்டால் அதையும் கத்திச் சொல்கிறார்கள். ஒளிய இடமின்றி மாட்டிக்கொண்டவன் அதைச் சொல்லிப் புலம்புகிறான். செயற்கை அறிவு திணறும் கணத்தைக்கூடப் பாத்திரத்தின் பரிதவிப்பாக மாற்றிவிடுகிறார்கள். கூடுதல் ஆள் அனுப்பு என்று கேட்பதுதான் உச்சம். அப்படி அனுப்புவதற்கான ஏற்பாடே நிரலில் இல்லை. எப்படியும் இரண்டு அறை தள்ளி வேறு சிப்பாய்கள் நிற்பார்கள். அவன் கூப்பிட்டுத்தான் இவர்கள் வந்தார்கள் என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம்.

களமும் இதற்கு ஒத்துழைக்கிறது. சண்டை நடக்கும் அறைகள் பெரும்பாலும் சுற்றிவரும் வழிகளோடு கட்டப்பட்டவை. முன்வாசலை நீங்கள் காக்கும்போது பின்வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கும். சுவரில் குண்டு பட்டால் சிமென்ட் தூள் எழும்பிப் பார்வையை மறைக்கிறது. பெனட்ரேட்டர் என்றொரு துப்பாக்கி ஆளைச் சுவரோடு வைத்து ஆணியடித்துவிடும். ஷாட்கன்னின் அடியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

பயத்துக்கு வருவோம். ஜப்பானியப் பேய்ப் படங்களின் சாயல் வெளிப்படை. முகத்தை மறைக்கும் கருங்கூந்தல், சத்தமில்லாமல் வந்து நிற்கும் சிறுமி என்று ‘ரிங்கு’ பார்த்தவர்களுக்கு ஆல்மா அந்நியமாகத் தெரிய மாட்டாள். ஆனால் அவளைக் காட்டும் விதத்தில் விளையாட்டுக்கே உரிய சாமர்த்தியம் இருக்கிறது. ஏணிக் காட்சியைச் சொல்லாமல் ஃபியரைப் பற்றி எழுத முடியாது. ஏணியில் இறங்க வேண்டுமானால் ஆட்டக்காரரின் பார்வை வந்த வழியை நோக்கித் திரும்பியே ஆக வேண்டும். அப்படித் திரும்புகிறீர்கள், ஒரு கணம் முன்புவரை வெறுமையாக இருந்த மேடையில் ஆல்மா நிற்கிறாள். கீழே இறங்கித் திரும்பினால் ஃபெட்டல். திடுக்கிட வைக்கும் காட்சிகளில் கேமராவை ஆட்டக்காரரின் கையிலிருந்து பிடுங்குவதுதான் பல விளையாட்டுகளின் வழக்கம். இங்கே பயத்தை நோக்கித் தலையைத் திருப்பியவர் நீங்களேதான். துப்பாக்கி பிடிக்கும் கை ஏணியில் இருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்தவருக்கு ஒரு சபாஷ்.

குறையும் இந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. ஆல்மா பெரும்பாலும் தோன்றுகிறாள், மறைகிறாள். நம்மைத் தொடுவது அபூர்வம். ரேடியோ கரகரத்தால் பேய் வரப்போகிறது, சிப்பாய்கள் வரப்போவதில்லை. ரேடியோவில் ஆள் குரல் கேட்டால் சண்டை வரப்போகிறது, பேய் வரப்போவதில்லை. இந்த முறை வைப்பு ஓரிரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். அதன் பிறகு திகில் காட்சிகள் இடைவேளை மாதிரி ஆகிவிடுகின்றன: உயிருக்கு உத்தரவாதம், வேடிக்கை பார்த்தால் போதும். கடைசிக் கட்டத்தில் நிழலுருவங்கள் நிஜமாகவே பாய்ந்து தாக்குகின்றன. ஆனால் ஒற்றைக் குண்டில் கரைந்துபோகும் பேயிடம் யாருக்குப் பயம் வரும்? இரண்டு பாதியும் தனித்தனியே நன்றாக ஆடுகின்றன. ஒன்றுக்கொன்று பந்து கடத்துவதே இல்லை.

இன்னொரு கோளாறு ஆட்டக்காரரின் பலம். பத்து மெடிகிட் வரை சேர்த்து வைத்துக்கொள்ளலாம். மூலைமுடுக்கில் கிடக்கும் மருந்தூசிகளைப் போட்டுக்கொண்டால் உடல்வலிமையும் மெதுவியக்க நேரமும் நிரந்தரமாகக் கூடுகின்றன. திகில் கதையில் போகப் போகக் கை வறள வேண்டும்; இங்கே போகப் போகப் பணக்காரராகிறோம். போதாக்குறைக்கு, கணினியில் எந்த நொடியிலும் ‘சேவ்’ செய்துகொள்ளலாம்.

மெதுவியக்கம் பற்றி ஒரு முணுமுணுப்பு. பொத்தானை அழுத்தினால் உலகம் ஊர்கிறது, குண்டு காற்றைக் கிழித்துப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. ஹாங்காங் சண்டைப் படங்களின் அழகு. மறுக்கவில்லை. ஆனால் ஆர்கின் மெனக்கெட்டு அறிவூட்டிய சிப்பாய்கள் யோசித்து முடிப்பதற்குள் நாலு பேரையும் சாய்த்துவிட்டுப் போய்விடலாம். எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டத்தைப் பார்க்கவிடாமல் தடுக்கும் ஆயுதத்தை நம் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

இடங்களோ அலுப்பு. கிடங்கு, சுத்திகரிப்பு நிலையம், அலுவலக மாடி, இன்னும் சில அலுவலக மாடிகள். சாம்பல் நிறக் கான்கிரீட்டுக்கு இவ்வளவு ரசிகர்கள் ஒரே நிறுவனத்தில் எப்படிச் சேர்ந்தார்கள் என்று தெரியவில்லை. எதிரிகளின் வகையும் குறைவு. கதையின் பாதி மேசைத் தொலைபேசிகளில் பதிவாகிக் கிடக்கும் குரல்களில் இருக்கிறது. சிவப்பு விளக்கு மினுக்கும் ஒவ்வொரு தொலைபேசிக்கும் முன்னால் நின்று கேட்காதவர்களுக்கு ஆல்மா யார், ஏன் இந்தக் கோபம் என்பது முடிவில் அவசரமாகத்தான் புரியும்.

அதே 2005இல் அதே மோனோலித் ‘கண்டெம்ட்’ என்ற விளையாட்டையும் வெளியிட்டது. அதில் துப்பாக்கி அபூர்வம், கிடைத்தாலும் சில குண்டுகளே. கைக்குக் கிடைத்த இரும்புக் குழாயால் இருட்டில் அடித்துக்கொள்ள வேண்டும். பயமுறுத்துவதில் அது ஃபியரை எளிதாக வெல்கிறது. சண்டையின் அறிவில் ஃபியருக்குப் பக்கத்தில் வர முடியாது. இரண்டின் விடையும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அடுத்து வந்தவையும் கூட்டவில்லை. 2009இன் இரண்டாம் பாகத்தில் இடங்களுக்கு வண்ணம் வந்தது, பள்ளிக்கூட அத்தியாயம் மிரட்டலாகவே இருந்தது. சிப்பாய்களின் கூர்மை மழுங்கியது. 2011இன் மூன்றாம் பாகத்தை டே 1 ஸ்டூடியோஸ் செய்தது. திகில் பட இயக்குநர் ஜான் கார்ப்பென்டரின் ஆலோசனை கிடைத்தும், இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம் என்று ஆக்கியதில் பயம் போன இடம் தெரியவில்லை. மோனோலித்தை வார்னர் பிரதர்ஸ் 2025 பிப்ரவரியில் மூடிவிட்டது.

இப்போது புதிதாக ஆடப்போகிறவர்கள் முதல் பாகத்தையே எடுங்கள். ஹெட்போன் கட்டாயம். அத்தியாயம் முடியும்வரை ‘சேவ்’ வேண்டாம், மெதுவியக்கப் பொத்தானையும் தொட வேண்டாம். முதல் சில சண்டைகளில் நிறையச் சாவீர்கள். உங்களைக் கொன்றவன் எந்த வாசல் வழியாக வந்தான் என்று கவனித்துக்கொண்டே சாகுங்கள்.