கிளி எந்தக் கையில்? – கொலுப் படங்களைப் பற்றி ஒரு குறிப்பு

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெரிந்த வீடுகளிலிருந்து சில வருஷங்களாகக் கொலுப் படங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வருகிறேன். வண்ணம் பூசிய மண் பொம்மைகளிலும் காகிதக்கூழ் பொம்மைகளிலும் ஆண்டாள் எப்படியெல்லாம் வருகிறாள் என்று பார்ப்பதுதான் நோக்கம். சேர்ந்ததை மொத்தமாக வைத்துப் பார்த்தால் எத்தனை படி, என்ன துணி விரித்திருக்கிறார்கள், பக்கத்து அலமாரியில் என்ன இருக்கிறது, எல்லாம் சொல்லிவிடலாம். பொம்மையின் கண் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது. நாம் எடுப்பவை பெரும்பாலும் கொலு வைத்த வீட்டின் படங்கள். பொம்மையின் படங்கள் அல்ல.

அதனால் என்ன போச்சு என்று கேட்பீர்கள். கிளியையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குக் கிளி இடது கையில். மதுரை மீனாட்சிக்கு வலது கையில். சுமார் 75 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கிளிகள், இரண்டு கைகள். பொம்மையில் இருவரையும் பிரித்துச் சொல்ல முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் கொலு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தால், பல ஃபோன்களில் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிப் பதிவாகிறது. ஆண்டாளின் கிளி வலது கைக்குப் போய்விடுகிறது, இடப்பக்கச் சாய்ந்த கொண்டையும் கூடவே மாறிவிடுகிறது. பின்னால் காலண்டரோ பெயர்ப்பலகையோ இருந்தால் எழுத்து இடவலம் மாறித் தெரிவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இல்லாவிட்டால் கிளியை மாற்றியது பொம்மை செய்தவரா, கேமராவா என்று சொல்லவே முடியாது. அந்தப் படம் ஆராய்ச்சிக்கு உதவாது.

சரி, நிறத்தை வைத்துப் பிரிக்கலாமே? மீனாட்சி பொம்மை பெரும்பாலும் பச்சை. இங்கேதான் சீரியல் செட் குறுக்கே வருகிறது. மஞ்சள் பல்பு, வெள்ளை டியூப்லைட், சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னும் சரம், இத்தனை வெளிச்சமும் ஒரே பொம்மை மேல் விழுந்தால் எது உண்மையான நிறம் என்று கேமராவால் தீர்மானிக்க முடியாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். பச்சை மஞ்சளாகும், மஞ்சள் வெளுத்துப் போகும். போதாததற்கு ஃப்ளாஷ். இப்போதைய பொம்மைகளில் பளபளப்பான பெயின்ட்தான் அதிகம். ஃப்ளாஷ் அடித்தால் மூக்கிலும் நெற்றியிலும் வெள்ளைப் பொட்டு விழுந்து முகமே மறைந்துவிடும். லென்ஸ் பக்கத்திலிருந்தே வெளிச்சம் வருவதால் மேடு பள்ளமும் தட்டையாகிவிடும்.

மூன்றாவது குற்றம் ஃபோனின் 'உதவி'. முகத்தை அழகாக்கும் வசதியை அணைக்க மறந்தால் அது பொம்மை முகத்தையும் வழவழப்பாக்கும். தூரிகை இழுத்த கோடு, வண்ணம் உதிர்ந்த இடம், பிறகு யாரோ மேல்பூச்சு பூசிய இடம் என்று நாம் தேடுவதையெல்லாம் அது அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. ரொம்பக் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிசாகி, காது பின்னால் ஓடிப்போகும். கடைசியாக வாட்ஸப் வேறு படத்தைச் சுருக்கி அனுப்புகிறது.

வெளிநாடுகளில் 28 மில்லிமீட்டர் உயரப் போர்வீரன் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உண்டு. விரல் நுனி அளவு முகத்தில் கண் எழுதுவார்கள், எழுதியதை அப்படியே தெரியும்படி படமும் எடுப்பார்கள். அவர்கள் செய்வதில் மாயம் ஒன்றும் கிடையாது. சிதறிய மென்மையான வெளிச்சம், ஒரே வகை விளக்கு, வெறுமையான பின்னணி, ஆடாத கேமரா. அவ்வளவுதான்.

இதற்கு வேண்டிய எல்லாமே நம் ஊரில் இருக்கிறது. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக ஜன்னலில் கட்டினால் உள்ளே வரும் வெயில் மென்மையாகிவிடும். பால்கோவா அட்டைப்பெட்டி மூடியின் வெள்ளைப் பக்கத்தை ஜன்னலுக்கு எதிர்ப்புறம் நிறுத்தினால் நிழல் விழுந்த கன்னமும் தெரியும். பின்னால் ஒரு சாம்பல் நிற சார்ட் பேப்பர். வீட்டு விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். ஃபோனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, ஓரடி இரண்டடி தள்ளி வைத்து, இரண்டு மடங்கு ஜூமில், டைமர் போட்டு, பொம்மையின் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்தால் போதும். பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்று வைக்கலாம். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், அளவு தெரிந்துவிடும். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என்று மூன்று படம். அடிப்பக்கம் ஏன் என்றால், வண்ணம் படாத அங்கேதான் மண்ணா, காகிதக்கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா என்பது தெரியும். பென்சிலில் எழுதிய பழைய விலை இருந்தால் அதுவும் அங்கேதான். அனுப்பும்போது வாட்ஸப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காது.

எப்போது எடுப்பது? சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு ஆள் வரும் நேரத்தில் வேண்டாம். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றுகிறோமே, அந்தப் பகல்தான் சரியான நேரம். எப்படியும் எல்லா பொம்மையும் கைக்கு வரும். மழைமூட்டம் இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் தானாகவே மென்மையாக இருக்கும்.

கொலுவின் அழகே கூட்டத்தில்தானே, தனித்தனியாக எடுத்தால் அது கொலுவா என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. எந்தப் பொம்மை பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதும் ஒரு செய்திதான், அதனால் முழுப்படமும் வேண்டும். அது ஒன்று போதும் என்று நிறுத்திக்கொள்வதைத்தான் குறை சொல்கிறேன்.

கோயிலில் ஆண்டாளின் கிளி தினமும் இலைகளால் புதிதாகக் கட்டப்படுகிறது. இன்றைக்கு வாடினால் நாளைக்கு இன்னொன்று. வீட்டு பொம்மைக்கு அந்த வசதி இல்லை. பரணிலிருந்து இறக்கும்போது முதலில் உடைவது நீட்டிக்கொண்டிருக்கும் கிளிதான். உடைந்த பொம்மையை வீட்டில் வைக்கக் கூடாது என்று அடுத்த நாளே ஆற்றிலோ கிணற்றிலோ போட்டுவிடுகிறோம். அந்தக் கண்ணை எழுதியவர் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. பொம்மையும் போனபின் அவர் கைவேலைக்கு மிஞ்சுகிற சாட்சி நம் ஃபோனில் இருக்கிற படம் மட்டும்தான். அந்தப் படத்தில் கிளி எந்தக் கையில் இருக்கிறது என்றாவது தெரிய வேண்டாமா?