இட்லிக்கு இந்தோனேசியா புளிப்பு தேவையா?

இட்லி இந்தோனேசியாவிலிருந்து வந்ததுன்னு யாராவது சொன்னால், அந்தப் பேச்சு பெரும்பாலும் கே.டி. அச்சயாவிடம்தான் போய் நிற்கும். 1994-இல் வந்த அவருடைய ‘இந்தியன் ஃபுட்: எ ஹிஸ்டாரிகல் கம்பானியன்’ உணவு வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல். ஆனால் அதன் இட்லி வாதத்தில் ஒரு பகுதி எனக்கு ஒப்பவில்லை.

அவர் சொல்வது இது. 920-ஐ ஒட்டிய கன்னட ‘வட்டாராதனே’யில் ‘இட்டலிகெ’ வருது. 1025 வாக்கில் ‘லோகோபகாரம்’, 1130 வாக்கில் ‘மானசோல்லாசம்’ இரண்டும் செய்முறை தருகின்றன. அவற்றில் உளுந்து மட்டும்தான். அரிசி இல்லை, நெடுநேரம் புளிக்க வைப்பதில்லை, ஆவியில் வேகவைப்பதும் இல்லை. 800-க்கும் 1200-க்கும் இடையே இந்தோனேசிய இந்து மன்னர்களோடு வந்த சமையல்காரர்கள் இவற்றைக் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்.

அரிசியையும் ஆவியையும் விட்டுடுவோம். புளிப்பை மட்டும் பார்ப்போம்.

இந்தோனேசியப் புளிப்பின் அடையாளம் ‘ராகி’. நம்ம கேழ்வரகு இல்லை. அரிசி மாவில் மசாலாப் பொருட்கள் கலந்து, பழைய வில்லையைப் பொடித்துச் சேர்த்து, காயவைத்த வெள்ளை வில்லை. உள்ளே பூஞ்சையும் ஈஸ்ட்டும் உறங்குகின்றன. சோற்றிலோ மரவள்ளியிலோ தூவினால் பூஞ்சை மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக்கும். கிடைப்பது ‘தாப்பே’. ஈஸ்ட்டை உலர்த்திச் சேமிக்கிற அருமையான தொழில்நுட்பம் இது. சிக்கிம், டார்ஜிலிங் பக்கத்து ‘மர்ச்சா’, மணிப்பூரின் ‘ஹமெய்’ எல்லாம் இதே வகைதான்.

இட்லி மாவுக்கு இப்படி எதுவும் வேண்டாம். முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் உள்ளிட்டோரின் 1965 ஆய்வு, மாவை உப்ப வைப்பது முக்கியமாக லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியா என்றும், அது தானியத்தோடும் பருப்போடுமே வருகிறது என்றும் காட்டியது. திருவண்ணாமலை சித்திரை வெயிலில் ஆரணி அரிசியையும் உளுந்தையும் அரைச்சு மூடி வச்சா, பழைய மாவு ஒரு கரண்டிகூடச் சேர்க்காமலே காலையில் பொங்கி நிற்கும்.

கள்ளும் அப்படித்தான். பாளையிலிருந்து சொட்டும்போதே ஈஸ்ட் சேர்ந்துவிடும். பதநீர் வேணும்னா கலயத்தில் சுண்ணாம்பு தடவி அதைத் தடுக்கணும். அங்கே ஈஸ்ட்டைக் காப்பாற்றி வைப்பது திறமை என்றால், இங்கே அதை நிறுத்தி வைப்பது திறமை.

இன்னொன்று, அச்சயா தரும் லோகோபகாரச் செய்முறையிலேயே இருக்கு. உளுந்தை மோரில் ஊறவைத்து, நைசாக அரைத்து, தயிரின் தெளிநீரைச் சேர்க்கச் சொல்கிறது. மோரும் தயிர்த்தண்ணியும் மாவைப் புளிக்க வைக்கும். பொங்க வைக்கிற பாக்டீரியா உளுந்திலேயே இருக்கு. மீதம் தேவைப்படுவது ஓர் இரவு மட்டும்தான்.

‘புளிக்க வைத்தல்’ என்பதை அச்சயா ஒரே வித்தையாக எடுத்துக்கொள்கிறார். அந்த நுண்ணுயிரை எதில் வைத்துக் காப்பாற்றினார்கள், வில்லையிலா, பானையிலா, தானியத்திலேயேவா என்று கேட்டிருந்தால் இரண்டும் வேறு வேறு மரபு என்பது தெரிந்திருக்கும். ஆவியில் வேகவைப்பது பற்றிய அவர் வாதத்துக்குத் தனியாகத்தான் பதில் தேடணும். புளிப்பை அதோடு சேர்த்துக் கப்பலேற்ற வேண்டியதில்லை.