வஞ்சியின் சிரிப்பு

பாரதிதாசன் கவிதைகளை மேடைதோறும் முழங்கும் தோழர்கள் பலர், 1926-இல் அவர் வெளியிட்ட 'மயிலம் சுப்பிரமணியர் துதியமுது' என்னும் நூலின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கின்றனர். பகுத்தறிவுக் கவிஞர் முருகனைப் பாடினாராமே என்று மாற்றார் எள்ளும்போது வாயடைத்து நிற்கின்றனர். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கவிஞர் புறப்பட்ட இடத்தை மறைத்துவிட்டால், அவர் நடந்த தொலைவை எதைக்கொண்டு அளப்பது?

துதியமுது வந்து நான்கே ஆண்டுகள். இடையில் பெரியாரின் சுயமரியாதைக் கொள்கை அவரை ஆட்கொண்டது. (ஆட்கொள்ளும் ஆற்றல் ஆண்டவனுக்கு மட்டுந்தானா என்ன!) 1930-இல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' வெளிவந்தது.

சிவகிரித் தோழர்கள் இக்காவியத்தைத் தனி ஆர்வத்தோடு படிக்க வேண்டும் என்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் அவர்களுக்கு மலைப்பாட்டு புதிதன்று. தெற்கே குற்றாலத்தில், திரிகூடராசப்பக் கவிராயரின் குறத்தி மலைவளம் பாடினாள். குரங்கும் அருவியும் கொஞ்சும் பாட்டு அது. ஆனால் பெருமையெல்லாம் முடிவில் குற்றாலநாதருக்கே போய்ச் சேரும். பாரதிதாசனும் குயிலும் மயிலும் நிறைந்த சாரலில்தான் தொடங்குகிறார். அவர் மலைமேல் ஏற்றுவதோ, குப்பன் வஞ்சி என்னும் இரு காதலரை.

மூலிகை தின்று இருவரும் உலகத்தார் பேச்சைக் கேட்கின்றனர். எங்கோ ஒரு பாகவதர் இராமாயணக் கதை நிகழ்த்துகிறார். அனுமன் சஞ்சீவி மலையைப் பெயர்த்தெடுக்கிறான் என்கிறார். அதே மலைமேல் நிற்கும் குப்பன் நடுநடுங்குகிறான்! காலடியில் மலை அசையவில்லை. காதில் விழுந்த கதைக்கு உடல் ஆடுகிறது. வஞ்சி சிரிக்கிறாள். மூடநம்பிக்கையைச் சாடி நாம் எழுதும் பத்துக் கட்டுரைகள் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகா. நம் இளைஞர்கள் அவரிடம் முழக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டு, இந்த நகையைக் கற்காமல் விட்டது இழப்பே.

நடை மாறியதற்கு நூற்பெயர்களே சான்று. 1930-இல் 'பர்வதம்', 1944-இல் 'அழகின் சிரிப்பு'. வடசொல் உதிர்ந்தது, ஆயினும் தமிழ் பண்டிதத் தமிழாய் இறுகிவிடவில்லை. கடல், தென்றல், குன்றம், புறா என்று கண்ணெதிரே உள்ளவற்றை எளிய சொற்களால் பாடினார்.

நமக்கு ஒரு குறையும் உண்டு. 1942-இல் வந்த 'குடும்ப விளக்கு' விடியுமுன் எழுந்து ஓயாது உழைக்கும் தங்கத்தைப் போற்றுகிறது. அன்பும் அறிவும் நிறைந்தவள்தான். எனினும் பாகவதரின் கதையையும் காதலனின் அச்சத்தையும் ஒருங்கே எள்ளிய வஞ்சி எங்கே போனாள்? வீட்டுக்கு ஒளி வேண்டும். அதற்கு எரியவேண்டியவள் ஒருத்தி மட்டுந்தானா? 1946-இல் அண்ணா முன்னின்று 25,000 ரூபாய் பொற்கிழி திரட்டிச் சிறப்பித்த புரட்சிக் கவிஞர் என்பதற்காக இக்கேள்வியை நாம் விழுங்கிவிட வேண்டியதில்லை.

அந்நூலின் ஐந்தாம் பகுதியான 'முதியோர் காத'லில், வேலையெல்லாம் ஓய்ந்த பின், தங்கமும் மணவழகரும் ஒருவர்க்கொருவர் துணையாய்ச் சமமாக நிற்கின்றனர். அப்பகுதியையும் சஞ்சீவிச் சாரலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பார்க்குமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.