தாகக் கடலின் தூசி

நிலவில் மனிதர் குடியேறிய கதைகளில் எது தலைசிறந்தது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் ஹைன்லைன் கட்சியினரின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். ஹைன்லைனின் ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ நாவல் 1967-இல் ஹ்யூகோ விருது பெற்றது. அதில் வரும் மைக் என்ற கணினிக்கு ஈடாக அதன்பின் வந்த பாத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பூமிக்கு அனுப்பும் ஒவ்வொரு கோதுமைப் பொதியோடும் நிலவின் தண்ணீரும் திரும்பி வராமல் போகிறதே என்று பேராசிரியர் டி லா பாஸ் வாதாடும் இடம், காலனி ஆட்சியின் கணக்கு வழக்கை அறிந்த எந்த வாசகரையும் உலுக்கிவிடும். இதையெல்லாம் நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு கிளார்க்குக்குத்தான்; அதுவும் 1961-இல் வெளிவந்த ‘எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்’ நாவலுக்குத்தான்.

அதில் புரட்சி கிடையாது, வில்லன் கிடையாது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நிலவில் தாகக் கடல் என்ற தூசிக் கடலில் போகும் ‘செலினி’ என்ற படகு தூசிக்குள் 15 மீட்டர் ஆழத்தில் புதைகிறது. உள்ளே இருப்பவர்களை மேலே கொண்டுவர வேண்டும். கதை இவ்வளவே. இந்த எளிமையைச் சொல்லித்தான் சிலர் அந்த நாவலைச் சாகசக் கதை என்று ஒதுக்குகிறார்கள். அவர்கள் வெப்பம் ஏறும் அத்தியாயங்களை இன்னொரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

காற்று தீர்ந்துவிடுமே என்றுதான் முதலில் எல்லோருக்கும் பயம். கிளார்க் அந்தப் பயத்தைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு வெப்பமானியைக் காட்டுகிறார். இருபத்திரண்டு உடம்புகளின் சூடும் இயந்திரங்களின் சூடும் வெளியே போக வழியில்லை. சுற்றிலும் அழுத்திக்கொண்டிருக்கும் தூசி வெப்பத்தைக் கடத்தாது. டிகிரி டிகிரியாகச் சூடு ஏறுகிறது. பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, ஏறிய சூடு இறங்கத் தொடங்குகிறது. படகின் வெளிச்சுவரை ஏதோ உரசிக்கொண்டு போகும் மெல்லிய ஓசை கேட்கிறது. சூடேறிய தூசி இலேசாகி மேலே எழ, குளிர்ந்த தூசி கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்புகிறது. உள்ளே இருப்பவர்களை அவியவிடாமல் காப்பாற்றுவது அந்தச் சுழற்சிதான். மேலே போய்ச் சேர்ந்த அதே சூடுதான் தூசிப்பரப்பில் ஒரு மங்கலான திட்டாகப் படர்ந்து, அகச்சிவப்புக் கருவியோடு தேடிவரும் டாம் லாசனின் கண்ணில் படுகிறது. கொல்ல வந்ததே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கதாசிரியர் வலிந்து புகுத்திய தற்செயல் இதில் ஒன்றுகூட இல்லை. இயற்பியல் விதி ஒன்றே ஆபத்தாகவும் மீட்சியாகவும் வந்து நிற்கிறது. அறிவியல் புனைகதையில் கதைப்பின்னல் என்றால் இதுதான் என்று நான் சொல்வேன்.

இந்தப் பக்கங்களை நான் முதலில் படித்தது மதுரையில், விடுதி அறையில், மே மாதத்தில். மின்சாரம் போய் மின்விசிறி நின்றிருந்தது. மெழுகுவர்த்திச் சூட்டைக்கூடத் தாங்க முடியாத அந்த இரவில், படகின் சூடு இறங்கியபோது எனக்கும் வியர்வை அடங்கியதாகத் தோன்றியது. அந்தத் தாளட்டைப் பதிப்பின் பழுப்பேறிய பக்கங்கள் இப்போது கையோடு வந்துவிடுகின்றன. ஆனாலும் புதிய பதிப்பு வாங்க மனம் வரவில்லை.

கிளார்க் 1956-இலேயே இலங்கைக்குக் குடிவந்துவிட்டார். அதே ஆண்டில் அவரும் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலைக்கடியில் மூழ்கி, போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கடலடியில் கண்டார்கள். செலினியின் மீட்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முக்குளிப்புதான் நினைவுக்கு வரும். மேலிருந்து இறங்கும் காற்றுக்குழாய், கூரையைத் தொடும்வரை தூசிக்குள் இறக்கப்படும் பெரிய உருளைக் கூண்டு, தலைக்கு மேலே எவ்வளவு கனம் நிற்கிறது என்ற ஓயாத உணர்வு எல்லாமே மூச்சை எண்ணிப் பழகியவர் எழுதியவை. நிலவைப் பாலைவனமாக எழுதியவர்கள் பலர். அதைக் கடலாக எழுதக் கடலுக்குள் இறங்கிய ஒருவர் தேவைப்பட்டார்.

நிலவில் அப்படி ஆழமான தூசிக் கடலே கிடையாதே என்பார்கள். உண்மைதான். தாமஸ் கோல்டின் தூசிக் கருதுகோள் பெரிதாகப் பேசப்பட்ட காலத்தில் எழுதிய நாவல் அது. 1966-இல் லூனா 9, அடுத்து சர்வேயர் 1 என இரண்டு விண்கலங்களும் புதையாமல் தரையில் நின்றதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது. ஆனால் நிலவில் மனிதரின் முதல் எதிரி தூசிதான் என்பதில் கிளார்க் தோற்கவில்லை. அப்போலோ வீரர்களின் உடையில் அது ஒட்டிக்கொண்டு போகவே மறுத்தது. 1972-இல் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு மூக்கடைப்பைக் கொடுத்தது. வெப்பத்தைக் கடத்தாது என்றாரே, அதற்குச் சாட்சி நம் விக்ரம் லேண்டர். 2023 ஆகஸ்டில் அதன் சாஸ்டே கருவி மண்ணுக்குள் இறங்கியபோது, மேற்பரப்பில் 50 டிகிரியைத் தாண்டிய வெப்பம் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி வரை இறங்கியிருந்தது. இஸ்ரோ வெளியிட்ட அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு செலினியின் வெப்பமானிதான் கண்முன் வந்தது.

இன்றைய எழுத்தில் நிலவின் இயற்பியல் மீதான இந்த அக்கறை தேய்ந்துவருவதுதான் என் ஆதங்கம். ஆண்டி வியரின் ‘ஆர்ட்டெமிஸ்’ நகரில் காற்றழுத்தம் குறைவு; தண்ணீர் 61 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் காபி வாயில் வைக்க விளங்காது. அருமையான விவரம். ஆனால் அந்த நகரில் நடக்கும் சதியும் துரத்தலும் எந்தத் துறைமுகப் பட்டினத்திலும் நடக்கக்கூடியவை. 2015-இல் தொடங்கிய இயன் மெக்டொனால்டின் ‘லூனா’ வரிசையில், காசில்லாமல் மூச்சைச் சுருக்கிக்கொள்ளும் மரினா என்னை உறையவைத்தாள். அடுத்த சில அத்தியாயங்களில் நிலவு பின்னுக்குப் போய், ஐந்து குடும்பங்களின் பகை கதையை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பகையின் வண்ணங்களில் மயங்குகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நான் நிலவுக்கதையைப் பிரிப்பது நிலவுக்காக.

சினிமாவில் நிலைமை இன்னும் மோசம். வெளியே மிதந்து மிதந்து நடப்பவர் கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் பூமியில் நடப்பதுபோல் நடக்கிறார். 1968-இல் வந்த ‘2001’ படத்தின் கிளேவியஸ் கூட்டக் காட்சியிலேயே இந்தக் குறை உண்டு. அத்தனை நுணுக்கம் பார்த்த குப்ரிக்குக்கு அதை விட்டுக்கொடுக்கலாம். இத்தனை கணினித் தொழில்நுட்பம் கைவந்த பிறகும் அதையே செய்பவர்களுக்கு என்ன சமாதானம்? ஆறில் ஒரு பங்கு எடையில் நாற்காலியிலிருந்து எழுவது எப்படி, தேநீர் ஊற்றுவது எப்படி என்று யோசிக்காதவர் நிலவைப் படமாக்க வரவே வேண்டாம்.

தமிழில் நிலவுக்கதை எழுத உட்காருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அரசியலையும் காதலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த சாஸ்டே வரைபடத்தை மேசைமேல் வையுங்கள். 8 சென்டிமீட்டருக்குள் 60 டிகிரி மாறும் மண்ணில் வீடு கட்டினால் எந்த ஆழத்தில் படுப்பது, சூட்டை எந்த வழியாக வெளியேற்றுவது, அந்த வழி அடைபட்டால் முதலில் தெரிந்துகொள்பவர் யார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் உங்களுக்குக் கதாபாத்திரமும் கிடைத்துவிட்டது, கதையும் கிடைத்துவிட்டது.